இடது கால்

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி
ஒன்றுதான் கேட்டார்:
"என்ன வண்டி ஓட்றீங்க?"
சொன்னேன்.
சிரித்தார்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து டீசல் ஜீப்.
ஏலத்தில் எடுத்தது.
அதன் கிளட்சை மிதிப்பது
படுத்துவிட்ட சினைமாட்டைத் தள்ளி எழுப்புவது மாதிரி.
அணைக்கட்டு தாண்டி ஒடுகத்தூர் போய்ச் சேர்வதற்குள்
நூறு மாடு எழுப்பியிருப்பேன்.
பதினெட்டு வருஷம்.
முழங்கால் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது,
நான்தான் எண்ணவில்லை.

வாங்க வந்தவர் மலைக்காரர், சென்றாயன்.
சாமையும் புளியும் கீழே இறக்கணுமாம்.
ஒளிக்காமல் சொன்னேன்:
இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும்.
மூணாவது கியரை இழுக்கக் கூடாது, கெஞ்சணும்.
பின்கதவுக்குத் தாம்புக்கயிறு,
அதுவும் விலையில் சேர்த்தி.
தலையாட்டிவிட்டுச் சாவியைத் திருகினார்.
முதல் திருகிலேயே கிளம்பியது.
எனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள்
அப்படிக் கிளம்பியதுண்டா,
கழுதை.

புதுசு வெள்ளை நிறம். ஆட்டோமேடிக்.
காட்பாடி ஷோரூமில் நாலு சக்கரத்துக்கும்
நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.
"ஒரு கால் போதும் மேடம்" என்றான்
சாவி கொடுத்த சுஹேல்,
இன்னொன்றை அவனிடமே விட்டுவிட்டு வரலாம் என்பது போல.

பாகாயம் தாண்டும்வரை இடது கால்
இல்லாத ஒன்றைத் தேடித் தேடி
தரையை மிதித்தது.
பிறகு மடக்கி வைத்துக்கொண்டேன்.
அது அங்கே
பந்தியில் இலை போடாத விருந்தாளி மாதிரி
உட்கார்ந்திருந்தது.

பக்கத்து சீட்டில் கோமாரித் தடுப்பூசிப் பெட்டியை வைத்தால்
வண்டி கத்துகிறது.
ஐஸ் கட்டியோடு ஒன்பது கிலோ:
ஆள் என்று நினைத்துக்கொள்கிறது.
பெட்டிக்கு பெல்ட் மாட்டிவிட்டேன்.
அடங்கியது.
ஏசி போட்டேன். பெட்டிக்கும் சுகம்.
இவ்வளவு லேசாக ஒரு மலையடிவாரத்துக்கு
நான் வந்ததே இல்லை.

சிமெண்ட் ரோடு
ஓடைக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது.
அப்புறம் கல். கல்லுக்கப்புறம் பெரிய கல்.
இறங்கிக் குனிந்து
வண்டியின் வயிற்றைப் பார்த்தேன்.
தரைக்கும் அதற்கும் ஒரு சாண்.
பூட்டினேன். கண்ணடித்தது.

பெட்டி தோளில். செருப்பு கையில்.
ஓடைத் தண்ணீர் கணுக்கால் அளவு.
கிளட்ச் மிதிக்கக் கூடாதென்ற முழங்கால்
இப்போது ஏறுகிறது.
டாக்டரிடம் நடக்கலாமா என்று
நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
மேலே நாற்பத்தேழு மாடு, லிஸ்ட்டில்.
ஐஸ் தோள்வழியாக
முதுகில் சொட்டியது.

இரண்டாவது வளைவில் உட்கார்ந்துவிட்டேன்.
கீழேயிருந்து ஹாரன் கேட்டது.
யாரும் அடிக்காத ஹாரன்.
இடப்பக்கம் ஒடிக்கிறார் என்று
பார்க்காமலே தெரிந்தது.

"இன்னா டாக்டரம்மா, கார் வாங்கிட்டு நடக்கறீங்க?"
சென்றாயன். பின்னால் உப்பு மூட்டை,
இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
ஒரு கிரைண்டர்.
"ஏறுங்க, ஏறுங்க. நம்ம வண்டிதான்."

நம்ம.

பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக
இடப்பக்க சீட்டில்.
காலடியில் உள்ளங்கையளவு ஓட்டை,
அதற்குள் மலை ஓடுகிறது.
இத்தனை நாள் என்னோடு வந்தவர்களெல்லாம்
இதைப் பார்த்துக்கொண்டா வந்தார்கள்?
கம்பவுண்டர் பரசுராமன்
ஒரு தடவை வாயைத் திறந்ததில்லை.
சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

ஏற்றத்தில் ஜீப் முனகியது.
மூணிலிருந்து இறக்கணும். இப்போ. இப்போவே.
சென்றாயன் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.
என் இடது கால் எழுந்து
ஓட்டைக்கு மேலே, காற்றை,
கடைசிவரை மிதித்தது.
வலித்தது.
கியர் விழுந்தது.

பெட்டி மடியில்.
பெல்ட் இல்லை. எதுவும் கத்தவில்லை.