எச்சம்

காயானியில் மார்ச்சிலும் ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
ஒன்பதாம் எண் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
வீட்டுக்கு வரும் தவ்னோ
முதலில் தொட்டுப் பார்ப்பது கணினியின் முதுகை.
சூடு இருக்கிறது.
ஓடுகிறது என்று பொருள்.

அதன் தலைமேல் தயிர்க் கோப்பைகளில்
ஸிர்க்காவின் தக்காளி நாற்றுகள், பதினொன்று.
"உன் எண்ணால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை."
மின்கட்டண ரசீதைக் குளிர்பெட்டிக் கதவில்
ஒட்டி வைத்திருக்கிறாள்
சரியாக அவன் கண்ணுயரத்தில்.

அந்த எண்ணை யாரும் முழுதாய் எழுதிப் பார்த்ததில்லை.
இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்
பதின்மூன்று கோடி இரண்டுகளைத் தாண்டி நின்று
ஒன்றே ஒன்றைக் கழித்தால் வருவது.
கணினியின் பாஷையில் அத்தனையும் ஒன்று,
ஒன்று ஒன்று ஒன்று ஒன்று
நடுவில் மூச்சுவிட ஒரு பூஜ்யமில்லாமல்.

சோதனை எளிதுதான்.
ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில்
நூற்றிருபத்தேழுக்குப் போட்டுக் காட்டினான் ஒருநாள்:
நாலில் தொடங்கு.
தன்னோடு தன்னைப் பெருக்கு, இரண்டை எடு,
நூற்றிருபத்தேழால் வகுத்து
மீந்ததை மட்டும் வைத்துக்கொள்.
பதினான்கு.
அறுபத்தேழு.
நாற்பத்திரண்டு.
நூற்றுப் பதினொன்று.
ஐந்தாம் படியில் எதுவுமே மீறவில்லை.
அப்படியானால் அது பகா எண்.
"ஒன்றும் மிஞ்சாததற்கா இத்தனை சந்தோஷம்?" என்றாள்.
ஆனாலும் வெண்ணெய்க்கறை படிந்த அந்தக் காகிதத்தை
அவள் எறியவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் பனி மின்கம்பியை அறுத்தது.
ஆறு மணி நேரம் இருட்டு.
கணினி விட்ட படியிலிருந்து தொடர்ந்தது.
நாற்றுகளில் இரண்டு தொடரவில்லை.

எழுபத்தோராம் நாள், விடிகாலை நாலே கால்.
பூஜ்யம் இல்லை.
பதினாறு எழுத்தில் ஓர் எச்சம்.

உடையும் என்று தெரிந்துவிட்டது.
எங்கே உடையும் என்று தெரியாது.
இரண்டாயிரத்து நாற்பத்தேழு என்றால்
இருபத்துமூன்றும் எண்பத்தொன்பதும் உள்ளே ஒளிந்திருப்பதைக்
கையாலேயே தடவிக் கண்டுபிடிக்கலாம்.
இதற்குள் யார் இருக்கிறார்கள்?
சோதனை சொல்லாது.
இருக்கிறார்கள் என்பதோடு அது வாயை மூடிக்கொள்ளும்.

தோல்வியும் உடனே செல்லுபடியாவதில்லை.
புன்டா அரேனஸிலோ எங்கோ
முகம் தெரியாத ஒருவர்
இதே எண்ணை மறுபடி நாலிலிருந்து ஓட்டி
இதே பதினாறு எழுத்தை அடைய வேண்டும்.
அதுவரை இது ஒருவனின் வாக்குமூலம் மட்டுமே.

பூட்ஸைக்கூட மாட்டாமல்
ஒற்றைக் காலுறையோடு உட்கார்ந்திருந்தான்.
ஐந்து நாற்பதுக்கு முதல் பேருந்து.
ஸிர்க்கா எழுந்து வந்தாள்.
திரையைப் பார்க்கவில்லை.
கணினியின் முதுகில் புறங்கையை வைத்தாள்,
காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று பார்ப்பவள் மாதிரி.

"ஆறிப் போச்சே," என்றாள்.
"ஒன்பதுதான் மிச்சம். அதுவும் விறைத்துப் போகும்.
அடுத்த எண்ணைப் போட்டுவிட்டுப் போ."