இரண்டாம் சாட்சி

இரணைப்பாலையில் அன்றைக்குக்
காணி விற்க ஒருவர் வந்தது அதிசயமில்லை.
வாங்க ஒருத்தி இருந்தாள்.

மாசி மாதம். பங்கருக்குள் ஆறு பேர்.
சூசைநாதன் தன் மச்சாளிடம்தான் வந்தார்:
"எமரன்சியா, வாய்க்கால் கரைத் துண்டை நீயே எடு.
வேற ஆரிட்ட நான் கேக்கிறது?"
இரண்டு பெடியளோடு கடலால் போக
அவருக்குக் காசு வேணும்.

ஷெல்லுக்கும் ஷெல்லுக்கும் நடுவில்
தாலிக்கொடியைக் கழற்றினாள்.
தராசு இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்து
"இரண்டரைப் பவுண் வரும்" என்றாள்.
நொத்தாரிசு தியோகுப்பிள்ளை
தொடையில் மட்டையை வைத்து எழுதினார்:
வடக்கே வாய்க்கால், கிழக்கே ஒற்றைப் பனை,
தெற்கே கோவில் காணி,
மேற்கே...
மேற்கே ஆர் என்று சொல்ல ஆளில்லை.
"கர்த்தர் எண்டு போடுங்கோ."
அவர் சட்டம் தெரிந்த மனுசன்.
"வழி" என்று போட்டார்.

முதல் சாட்சி பாக்கியநாதர்.
இரண்டாம் சாட்சி நான். வயது பத்தொன்பது.
கூரையிலிருந்து மண் உதிர்ந்து மையில் ஒட்ட
என் கையெழுத்துக் கோணிப்போனது.

பால்மா ரின்னுக்குள் உறுதியைச் சுருட்டி
மூடி விளிம்பில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினாள்.
முற்றுகைக்குள்ளிருந்து நிலம் வாங்கிய
அந்தத் தீர்க்கதரிசியும் இப்படித்தான்
மண்பாண்டத்தில் வைத்தானாம்.
பூசையில் எத்தனையோ தரம் கேட்ட கதை.
அன்றைக்குத்தான்
அவனுடைய விசர் எனக்குப் பிடிபட்டது.

பிறகு நடந்ததைச் சொல்லப்போவதில்லை.
பாக்கியநாதர் வலைஞர்மடம் தாண்டவில்லை.
எமரன்சியாவின் இளையவன்
எதுவரைக்கும் தாண்டினான் என்று
இன்றுவரை ஒரு காகிதமும் சொல்லவில்லை.

செட்டிகுளத்து முகாமில் ஒரு போதகர் வந்தார்.
எல்லாம் எங்கள் பாவத்துக்கான தீர்ப்பு என்றார்.
தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்றவள்
திரும்பிக் கேட்டாள்:
"என்ர சிவலைப் பசுவின்ர கண்டு என்ன பாவம் செய்தது, ஐயா?
பிறந்து நாலு நாள்."
அவர் வேறு வசனம் தேடினார்.
நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.
அடித்த கைதான் கட்டுப்போடும் என்கிற வாக்கில்
பாதி இறங்கிவிட்டது.
பாதி இன்னும் தொண்டையில், மீன்முள் மாதிரி.

ஊருக்கு விட்டபோது
மண்டையோட்டுப் பலகை முதலில் வரவேற்றது.
வெடி எடுக்கிற பெட்டையள் முழங்காலில் நின்று
சாண் சாணாய் மண்ணை விசாரித்தார்கள்.
ஒருநாள் கருவி கத்தியது. எல்லாரும் உறைந்தோம்.

துருப்பிடித்த பால்மா ரின்.

உறுதியில் ஈரம் ஏறியிருந்தது.
விற்றவரின் பெயர் அழிந்துவிட்டது.
முதல் சாட்சியின் இடத்தில் நீலக் கறை.
என் கோணல் கையெழுத்து மட்டும்
வெட்கமில்லாமல் அப்படியே.

காணியில் பாதி முள்ளுக்கம்பிக்கு அங்கால்.
பனையும் அங்கால், தலையில்லாமல்.
மிச்சப் பாதியில் கச்சான் போட்டாள்.
முதல் வருசம் பன்றி கிண்டியது.
மற்ற வருசம் வெள்ளம்.
மூன்றாம் வருசம் பிடுங்கிய செடியை உதறி
ஒரு கொத்தைக் கொண்டுபோய்க்
கம்பியில் தொங்கவிட்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை மோட்டார் சைக்கிளில் ஒரு தரகர்.
வெயில் கண்ணாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சேட்டு.
"அம்மா, இந்தத் துண்டு விலைக்கோ?
கனடாவில ஒராள் தேடுறார்.
இப்ப இந்தப் பக்கம் காணி நல்லாப் போகுது."

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு
எமரன்சியா சிரிக்கத் தொடங்கினாள்.
அந்த மாசிக்குப் பிறகு நான் கேட்டிராத சிரிப்பு.
"கேட்டியோ தம்பி? விலை கேக்கிறாங்கள்!
விலை கேக்கிறாங்களடா!"
தரகர் குழம்பிப்போய்ச் சேட்டைத் தட்டிப் பார்த்தார்.
பழைய வாக்கொன்று தன் தலையில் நிறைவேறியது
பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

பிளேன்ரீ கொடுத்தோம். காணி கொடுக்கவில்லை.
புறப்படும்போது மேற்கைக் காட்டிக் கேட்டார்,
"அங்கால ஆற்ற?"

"அது வழி" என்றாள்.
"ஆள் வரக் கிடக்கு."