குப்பையில் கிடந்த மணி

என் வண்டியில் பேசும் பெண் யாரென்று எனக்குத் தெரியாது.
வண்டி வாங்கியபோது ஒலிநாடா உள்ளேயே இருந்தது.
"மின்விசிறி, கணினி, தொலைக்காட்சி, தையல் இயந்திரம்,
உடைந்திருந்தாலும் பரவாயில்லை" என்பாள்.
நீகாட்டாவின் பனிச்சந்துகளில்
பதினோரு வருடமாக அதே குழைவு.
ஒருநாளும் அவளுக்குத் தொண்டை கட்டியதில்லை.

உடைந்தது என்று இப்போது எதுவும் வருவதில்லை.
ஈரத்துணியால் துடைத்து, ஒயரைச் சுருட்டி
ரப்பர் வளையம் மாட்டி
விருந்தாளியை வழியனுப்பும் அதே குனிவோடு
கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

குவாபாரா ஹட்சுயே அரிசிக்குக்கரை நீட்டினாள்.
"பழுதா?"
"இல்லை. புதுசு கைப்பேசியோடு பேசும்."
"என்ன பேசும்?"
கொஞ்சம் யோசித்தாள்.
"சோறு வெந்துவிட்டது என்று."

இதுவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது,
ஒரு சின்ன மெட்டில்.
அடுப்படிக்கும் கூடத்துக்கும்
ஏழெட்டு அடிதான்.

ஒன்பதாம் நாள் விடிகாலை
கொட்டகையில் விளக்குப் போடுமுன் பார்த்தேன்:
அச்சுப்பொறிகளின் மேட்டில்
ஒரே ஒரு கண் திறந்திருந்தது.
5:42.
என் கையிலும் 5:42.
அடிவயிற்றில் காசளவு பேட்டரி இருக்கிறது,
பிடுங்கி எறிந்த பின்னும் அதற்கு யாரும் செய்தி சொல்லவில்லை.
குப்பையில் கிடந்தாலும் மணி மணிதான்.

யாரையும் குறைசொல்லும் யோக்கியதை எனக்கில்லை.
என் இழுப்பறையில் ஆறு கைப்பேசிகள்.
கடைசியானதில் கீறல்கூட இல்லை.
"இரண்டு வருடம் ஆகிவிட்டதே" என்றான் கடைப்பையன்,
வாடகை பாக்கியை நினைவூட்டுகிறவன் போல.
வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டேன்.

மார்ச்சில் கொள்கலன் நிரம்பியது.
துவைக்கும் இயந்திரங்களின் வயிற்றுக்குள்
கரடிப் பொம்மைகளைத் திணித்தோம்,
இடம் வீணாகக் கூடாதே.
எறிவதில்தான் எவ்வளவு சிக்கனம் நாங்கள்!

பகோலோட்டிலிருந்து ஜொவெலின் வீடியோ அனுப்பினாள்.
கடை வாசலில் ஆட்கள்.
ஆளுக்கொரு செங்கல் கனத்தில் மின்மாற்றி.
எங்கள் மின்சாரம் நூறு, அவர்களுடையது இருநூற்று இருபது.
நேராகச் செருகினால்
ஒரு பொறி, ஒரு நாற்றம், முடிந்தது கதை.

குக்கரைத் தூக்கிக் காட்டினாள்.
"ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது,
விலையைக் குறைக்கட்டுமா?"
"பழுதில்லை" என்று எழுதினேன்.
"அது இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது."

அவள் காட்ட நினைக்காத ஒன்றும் வீடியோவில் விழுந்திருந்தது.
இடது ஓரம். வெறுங்காலோடு ஒருவன்
அச்சுப்பொறியைச் சுத்தியலால் பிளக்கிறான்,
பக்கத்தில் ஒயர் எரிகிற கறுப்புப் புகை.
மூன்று நொடி.
நான்கைந்து தடவை பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன்.
அந்த அச்சுப்பொறியை ஏற்றியது நான்,
மூடியில் பூனைப்படம் ஒட்டியிருந்தது.
உடைந்திருந்தாலும் பரவாயில்லை,
யாருக்கு என்று என் வண்டிக்காரி சொல்வதே இல்லை.

குக்கரைத் துறைமுகத்தில் வேலைபார்க்கும் ஒருவன் வாங்கினானாம்.
நேரம் திருத்தும் பொத்தானைப்
படம் வரைந்து அனுப்பினேன்.
யாரும் திருத்தவில்லை.
ஆறுக்கு வைத்தால் ஐந்துக்கே சோறு,
அவனுக்கு அதுதான் தோதாம்,
முதல் படகுக்கே போய்விடுகிறான்.

நேற்று அதே சந்து.
ஹட்சுயே வாசலுக்கு வந்தாள்,
கையில் அந்தப் பேசுகிற புதுசு.
ஒயர் சுருட்டியிருந்தது. ரப்பர் வளையமும்.

"பழுதா?"
"கம்பெனி அந்தச் செயலியை நிறுத்திவிட்டது" என்றாள்.
"சோறு நன்றாகத்தான் வேகிறது.
சொல்லத்தான் மாட்டேன் என்கிறது."