சீட்டில் ஆள்

ஞாயிறு, காலை ஆறே காலுக்கு அழைப்பு.
டொரிங்டன் பக்கம் ஒரு கிளப்.
ஏறி ஓட்டுகிற புல்வெட்டி எழும்பவில்லையாம்,
பத்து மணிக்கு வங்கிக்காரர்களின் கிரிக்கெட்டாம்,
ஜம்பட்டா வீதியிலிருந்து ஓட்டோக் காசும் தருவார்களாம்.

இரவு மழை பெய்திருந்தது.
கணுக்கால் மறைக்கும் புல்லுக்கு நடுவே
ஹோர்னுக்கு அசையாத மாட்டைப்போல
சிவப்பு வண்டி.
அதன்மேல் பியதிலக,
தானே உடைத்துவிட்டவர் மாதிரி முகம்.

"திறப்பைத் திருப்புங்கள்" என்றேன்.
ஒரு டிக் கூட இல்லை.
ஒரு டிக் என்றால் ரிலே.
டிக் டிக் டிக் என்றால் பெட்டரி இழுத்துக்கொண்டு கிடக்கிறது.
ஒன்றுமே இல்லையென்றால்
ஒவ்வொரு வயராக விசாரிக்க வேண்டும்.

பெட்டரி பன்னிரண்டு தசம் ஆறு, நல்ல சுகம்.
முனைகளில் பச்சைப் பூஞ்சணம்.
கேன்டீன் நிரோமி அப்பச்சோடா கரைத்துத் தந்தாள்,
ஊற்றினேன், பொங்கியது, துடைத்தேன்.
பியூஸ் முழுசு.
பிளேட் பட்டன் அணைந்திருக்கிறது.
பிரேக்கில் அவர் கால் இருக்கிறது.
எலி கடித்ததா என்று
ஈரப் புல்லில் மல்லாந்து பார்த்தேன்.
எலியும் கடிக்கவில்லை.

செயலாளர் ஜயக்கொடி குடையோடு வந்து
பெட்ரோல் இருக்கிறதா என்றார்.
சுற்றவே சுற்றாத எஞ்சினிடம்
பெட்ரோலைப் பற்றி என்ன பேச்சு?
இருக்கிறது என்றேன். மறுபடி கேட்டார்.
வரிசையில் நின்ற வருடம்
இன்னும் அவர் வாயைவிட்டு இறங்கவில்லை.

ஒரு மணித்தியாலம் போனது.
இடுப்பு நோக,
"இறங்குங்கள் ஐயா, நான் பார்க்கிறேன்" என்று ஏறி உட்கார்ந்தேன்.
திருப்பினேன்.
பிடித்துக்கொண்டது!
காகங்கள் எழும்பிப் பறந்தன, நிரோமி கை தட்டினாள்.

அவர் ஏறினார். இல்லை.
நான் ஏறினேன். உண்டு.
அவர். இல்லை.
நிரோமி சிரித்தாள், பிறகு
ஏன் என்று விளங்கி நிறுத்தினாள்.

சீட்டைத் தூக்கினால் அடியில் சின்னதாக ஒரு சுவிட்ச்.
ஆள் இருந்தால்தான் வண்டி எழும்பும்,
ஆள் விழுந்தால் பிளேட் நிற்கும்.
முன்பு ஓட்டியவர் வில்பிரட், நூறு கிலோ, பன்னிரண்டு வருடம்.
அமுங்கி அமுங்கிப் பொத்தானின் தலை தேய்ந்து
இப்போது ஆழமாய் அமுக்குகிறவரைத்தான்
ஆள் என்று எடுக்கிறது.

"என்ன நிறை?"
"முந்தி அறுபத்தொன்று. இப்போது தெரியாது, பாஸ்."
பெல்ட்டில் ஆணியால் குத்திய
மூன்று புது ஓட்டைகள்.
"வியாழன் வரைக்கும் எழும்பியது."

வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவே எங்கேயோ
அந்த வண்டிக்கு அவர்
ஆள் இல்லாமல் போயிருக்கிறார்.

எனக்கு அது புதிதல்ல.
இதே நகரத்துச் சந்திகளில்
முகத்தில் டோர்ச் விழ,
பஸ்ஸின் மூன்றாம் வரிசையில்,
ஆள்தான் என்று காட்ட
அட்டையை உயர்த்திப் பிடித்திருக்கிறேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
என் சிங்களத்தில் அந்தளவு வசனம் வராது.

"சுவிட்சைக் கழற்றி வயரை நேரே கொடுங்களேன்" என்றார் செயலாளர்.
முடியாது என்றேன்.
"அப்போ மடியில் இரண்டு செங்கல்?"
பியதிலக செங்கல் தேடப் புறப்பட்டேவிட்டார்.

ரோலருக்குப் பின்னால் யாரோ எறிந்த
பாட்டாச் செருப்பு ஒன்று கிடந்தது.
குதிகால் பக்கம் மூன்று மில்லிமீட்டர் சீவி
பொத்தானுக்கு நேரே, சீட்டின் அடியில் ஒட்டி,
காய்வதற்குள் இரண்டு பிளேன்டீ.
அவருக்கு என் பணிஸையும் தள்ளினேன்.
"காலையில் எனக்கு இறங்காது" என்று பொய் சொன்னேன்.
அவரும் பொய்யென்று தெரிந்தே தின்றார்.

ஏறினார்.
திருப்பினார்.

கொக்குகள் எங்கிருந்து வந்தனவோ,
வண்டிக்குப் பின்னால் வரிசையாக நடந்தன.
அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை,
முதுகை மட்டும்
தேவைக்கு மேல் நிமிர்த்தியிருந்தார்.

பில்லில் 'பழுது' என்ற கட்டத்தில்
சுவிட்ச் என்று எழுதினேன்.
கட்டம் அவ்வளவுதான் இருந்தது.

ஓட்டோக் காசு
அடுத்த முறையாம்.