பதினொரு மில்லி நொடி

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
இரண்டாம் மாடி, எட்டுக்குப் பத்து அறை.
முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது
என்று தெரிய எனக்கு நான்கு வருடம் ஆனது.
கழற்றிவிட்டேன். சுவரில் பசைத் தழும்பு.
இங்கிருந்துதான்
பிறர் பெயரில் ஊரை ஆட வைக்கிறேன்.

முதலில் எல்லாம் நூற்றிருபத்தெட்டு.
நிமிடத்துக்கு நூற்றிருபத்தெட்டு அடி;
கீழே போனால் தூக்கம், மேலே போனால் கோவா.
ஸ்னேர் உருண்டு உருண்டு ஏறி
ஒரு கணம் மூச்சடைத்து
பிறகு மொத்தமாக விழ வேண்டும்,
மாடியிலிருந்து கேஸ் சிலிண்டர் விழுவதுபோல.
திரையில் அலை செங்கல்லாக நிற்கும்.
செங்கல்லாக நின்றால்தான் காசு.

பிறகு விழுவது அசிங்கமாகிவிட்டது.
ஆழம் கேட்டார்கள்.
நூற்றிருபத்திரண்டு; பேஸ் மட்டும் நடக்கும்,
செருப்பைக் கையில் பிடித்தபடி
நள்ளிரவில் வீடு திரும்புகிறவனைப்போல.
பாலைவனம் கேட்டார்கள்.
ஓசூரைத் தாண்டி அதிகம் போகாத நான்
பாலைவனம் செய்து கொடுத்தேன்,
எதிரொலி எட்டு நொடி.
பிறகு தென்னாப்பிரிக்க மரத்தட்டு, நூற்றுப் பன்னிரண்டு.
பிறகு திடீரென்று நூற்றைம்பது:
கறுப்புக் கண்ணாடி போட்ட பிள்ளைகள்
எதிலிருந்தோ தப்பி ஓடுவதுபோல் ஆடினார்கள்.
இப்போது பதினைந்து நொடிக்குள் விழவேண்டும்,
இல்லையென்றால் கட்டைவிரல் தள்ளிவிடும்.

ஒன்று மட்டும் மாறவில்லை.
கிக் விழும்போதெல்லாம்
மற்ற சத்தங்கள் குனிந்து வழிவிடும்,
அமைச்சர் கார் வரும்போது
ஹெப்பால் மூச்சைப் பிடித்துக்கொள்வது மாதிரி.

போன செவ்வாய் நாச்சப்பா அழைத்தான்.
மேடையில் அவனுக்கு வேறு பெயர்.
‘அக்கா, ரெண்டாயிரத்துப் பதிமூணு திரும்பி வருது.
அதே ஏத்தம், அதே டிராப்.
ஆனா கொஞ்சம் அழுக்கா இருக்கணும்,
மனுஷங்க பண்ணின மாதிரி.’

பழைய ஹார்ட் டிஸ்க்
அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது.
கோப்பு திறந்தது, பாதிதான்.
பதினான்கு ப்ளக்-இன் காணவில்லை என்றது.
பன்னிரண்டு திருட்டு;
காணாமல் போனதில் ஒரு நியாயம் இருந்தது.
வரிசை வரிசையாக வெறுமை.
மிச்சம் ஒரே ஒரு தடம்: கைதட்டு.

நானும் ஹில்டாவும் தட்டியது.
கரண்ட் போய், யு.பி.எஸ். அலற,
அது சாவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று
ஒரே மைக் முன் நின்று தட்டினோம்.
அவள் கை எப்போதும் பிந்தும்.
இப்போது அளந்தேன்: பதினொரு மில்லி நொடி.
அன்று அதற்கு எவ்வளவு சண்டை!
அவள் தட்டை இழுத்து என் தட்டின்மேல் ஒட்டினேன்,
ஹம்மை அறுத்தேன், பீப்பைத் துடைத்தேன்,
துடைக்கத் துடைக்க அறையே போய்
ஒரு பிளாஸ்டிக் சொடுக்கு மிஞ்சியது.
‘இதுல நான் எங்க இருக்கேன்?’
‘கிரிட்ல’ என்றேன்.

இப்போது என்னிடம் ஒரு குமிழ் இருக்கிறது,
மாதச் சந்தா எழுநூறு ரூபாய்.
திருகினால் தட்டுகள் மனிதர்களைப்போல் தடுமாறும்.
பக்கத்துக் குமிழைத் திருகினால் ஹம்,
ஐம்பது ஹெர்ட்ஸ்,
நம்ம ஊர் மின்கம்பியின் அதே சுருதி.

திருகவில்லை.
துடைக்காத மூலத்தை அப்படியே வைத்தேன்.
யு.பி.எஸ். கத்தியது. ஹில்டா பிந்தினாள்.
பானஸ்வாடி ரயில்கூட ஓரமாகப் போனது.
சுற்றிலும் செங்கல் அடுக்கி அனுப்பினேன்.

‘செம அக்கா.
அந்த மூணாவது கிளாப் மட்டும் லேட்டு.
சரி பண்ணிடுங்க.’
பண்ணுகிறேன் என்றேன்.
கோப்பின் பெயரில் ஆறை ஏழாக்கி
அதையே அனுப்பினேன்.
‘இப்ப கரெக்ட்.’

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கோரமங்களாவில்
விளக்கைப் போட்டுவிடுவார்கள்.
அதற்கு நான்கு நிமிடம் முன்னால்
இருநூறு பேர் நடுவில்
ஹில்டா பிந்துவாள்.
அவளுக்குச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.
கைப்பேசியில் அவள் எண் இரண்டு இருக்கிறது.
எது பழசு என்று தெரியவில்லை.