இருபத்து மூன்று புள்ளி நான்கு

கடன் வசூல்காரர்கள் அழைத்தபோது நான்
மோட்டலின் பன்னிரண்டாம் அறையில்
படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன்.
இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது
என்றது குரல்.
டெஸ்ஸா வுகோவிச் நீங்கள்தானே என்றது.
ஆமாம் என்று ஒப்புக்கொள்ளலாமா கூடாதா,
அது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

பியூட் நகரத்துப் பள்ளியில்
வேதியியல் கட்டாயம்.
எதற்கு இது என்று ஒருவன் கேட்டான்,
வராந்தாவில் நின்றான்.
மற்றவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியை
எடுத்து மாட்டிக்கொண்டோம்.

எங்கள் ஊரை ஒட்டி ஒரு குழி.
செம்பு எடுத்தவர்கள் விட்டுப்போன பள்ளத்தில்
புளித்த தண்ணீர் நிற்கிறது, ஏரி அளவுக்கு.
பனிவாத்துகள் அதில் இறங்கிவிடாமலிருக்க
வேட்டுப் போடுவார்கள்.
அமிலம் என்றால் என்னவென்று
திருமதி ப்ரூயிட் பலகையில் எழுதும்போதே
தூரத்தில் ஒரு வேட்டு கேட்கும்.
அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.
ஹைட்ரஜன் அயனி, அடிக்கோடிடுங்கள் என்பார்.

என் மேசைத்துணை கார்டன் லாட்டி.
அளவுக்குழாயில் கண்ணை வைத்து
அவன் படிப்பான், நான் எழுதுவேன்.
இருபத்து மூன்று புள்ளி நான்கு.
பால் விலையையும் அப்படித்தான் சொல்வான்,
மூன்று புள்ளி எட்டு ஒன்பது டாலர் என்று.
கல்லாப்பெட்டிக்காரி சிரிப்பாள்.
கடைசித் துளிகளின்போது மூச்சை நிறுத்திவிடுவான்.
குடுவை லேசாகச் சிவந்ததும் குழாயை மூட வேண்டும்,
ஒரு துளி கூடினால் பீட்ரூட் சாறு,
மறுபடி முதலிலிருந்து.

குரல் தொகையைச் சொன்னது:
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு
புள்ளி ஆறு பூஜ்யம்.

விரிப்பின் ஒரு முனை
என் கையில் அப்படியே நின்றது.

போன ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி
மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.
அவசர சிகிச்சைப் பிரிவில் மூன்று மணிநேரம்,
இரண்டு எக்ஸ்ரே, ஒரு கட்டு.
மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று
ஒரு பருவம் முழுக்கப் படித்தவள் நான்.
பில் எப்படிக் கடனாகிறது என்பது
அடுத்த பருவத்திலும் இல்லை.
கூட்டுவட்டி தெரியும், நன்றாகவே தெரியும்.
அந்தக் கணக்குகளில் எல்லாம்
வங்கியில் பணம் போடுகிறவள் நான்.
ஒரு கணக்கிலாவது
வாங்கினவளாக இருந்ததில்லை.

கார்டன், என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதிவாகிறது என்பது நினைவு வந்தது.
மறுமுனையில் அவனும் மூச்சை நிறுத்தியிருந்தான்,
எனக்குத் தெரியாதா அந்த நிறுத்தம்?

பிறகு தாளில் இருந்ததைப் படித்தான்.
எங்கள் கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள்
இந்தத் தொகையை எழுத்து மூலம்
மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.
படித்துவிட்டு, கொஞ்சம் மெதுவாக
மறுபடி படித்தான்.
எழுத்து மூலம் என்ற இடத்தில்
தேவையில்லாமல் ஒருமுறை இருமினான்.
வேறு ஏதேனும் கேள்வி உண்டா, அம்மா?

அம்மா என்கிறான்!
என் பேனாவைத் தின்றே ஒரு வருடம் கழித்தவன்.

இல்லை என்றேன். நன்றி என்றேன்.
மேற்பார்வையாளர் வரும்முன்
குளியலறையைத் தேய்த்தேன்.
ப்ளீச்சையும் அமோனியாவையும் ஒரே வாளியில்
ஊற்றக் கூடாதென்று எனக்குத் தெரியும்.
திருமதி ப்ரூயிட்டுக்கு அந்த ஒரு நன்றி பாக்கி.

இரவு சமையல் மேசையில் உட்கார்ந்தேன்.
மறுப்புக் கடிதம் எப்படி இருக்கும்?
எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வடிவம்.
நோக்கம் என்று போட்டு அடிக்கோடிட்டேன்:
நாலாயிரம் எங்கிருந்து வந்தது எனக் கண்டறிதல்.
தேவையான பொருள்கள்:
ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பட்டியல்.
செய்முறை: நீங்கள் அனுப்புவீர்கள்,
நான் கூட்டிப் பார்ப்பேன்.
காண்பவை: மூன்று மணிநேரத்தில்
மருத்துவர் என் அருகில் இருந்தது ஏழு நிமிடம்.

முடிவு என்ற தலைப்புக்குக் கீழே
ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
அதற்கு இரண்டு மதிப்பெண் போகும்.
போகட்டும்.
தபால்தலையை நக்கி ஒட்டினேன்,
கொஞ்சம் புளித்தது.