பதினோராவது குழி

குன்றக்குடிக்குத் தெற்கே, முள் வெட்டிய மேட்டில்
வட்டமாக ஒரு திரிகைக்கல்,
இன்னும் பாறையை விட்டு வரவில்லை.
விட்டம் நாற்பத்திரண்டு செ.மீ.
சுற்றி ஆப்புக்குழி பத்து;
பதினொன்று அரைவிரல் ஆழத்தில் நிற்கிறது.
காலம்: தெரியவில்லை என்று எழுதினேன்.

கூலிக்கு வந்த அடைக்கி
மூன்றாம் குழியில் உப்பைக் கொட்டி
மாங்காயைத் தொட்டுத் தின்றபடி
"ஏன் சார் பாதியில விட்டான்?
கூலி குடுக்கலையா?" என்றாள்.

சுத்தியலால் தட்டிப் பார்த்தேன்.
வடக்கே கணீர். மேற்கே கணீர்.
பதினொன்றின் ஓரம் மட்டும்
லொட்டென்றது.

உள்விரிசல்.

அவனும் இதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பான்.
ஆறு நாள் வேலை;
நெல்லாகவோ காசாகவோ
யார் கணக்கில் கழித்தார்களோ.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.

அடைக்கி உப்புக் கையோடு குனிந்து
பாறையில் காதை வைத்தாள்.
"இன்னொரு தரம் தட்டுங்க."